நாற்காலி பார்க்காதவர்

பல் மருத்துவமனை நாற்காலியே இப்போது உட்காருபவரின் நாடியும் சர்க்கரையும் பார்த்து, மயக்கம் வருமுன் சொல்லிவிடும். முன்பெல்லாம் உதவியாளர் ரோஸ்லின் அக்காதான் ஒவ்வொருவரிடமும், "மாத்திரை போட்டீங்களா? சாப்டீங்களா?" என்று கேட்பார். அவருக்கும் சர்க்கரை நோய் உண்டு.

"டாக்டர், தலை சுத்துது," என்றார் அக்கா, பின்னாலிருந்து.

"இவரு எறங்கட்டும்க்கா, அப்புறம் நீங்க ஏறுங்க. நாற்காலி சொல்லிரும்," என்று சிரித்தாள் டாக்டர் பெனாசிர், நாற்காலியில் இருந்த நோயாளியின் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். அங்கே எல்லாம் பச்சையாக இருந்தது.

பின்னால் தட்டோடு அக்கா விழுந்தார். நோயாளியை இறக்கிவிட்டு அக்காவை நாற்காலியில் கிடத்தினார்கள்.

"சர்க்கரை இருபத்தாறு, மிகக் குறைவு. இதயம் நின்றுவிட்டது," என்றது நாற்காலி.

ஆம்புலன்ஸ்காரர் கையைப் பிடித்து விலக்கும்வரை, நெஞ்சை அழுத்தியபடி பெனாசிர் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "அக்கா, காலையில சாப்டீங்களா?"