அண்ணி

“அவரோட சம்சாரம் வந்திருக்கேன்னு போய்ச் சொல்லுங்க” என்றாள் தையல்காரி, அவர் பெயரைச் சொல்லி.

ஓட்டல் வாசலில் நின்ற காவலாளி தயங்கினான். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கி அவன் பார்த்ததில்லை.

அவள் குரலைக் கேட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் கேமராக்களோடு காத்துக் கிடந்த செய்தியாளர்கள் திரும்பினார்கள். வம்பு எதற்கு என்று அவன் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே ஏசிக் குளிர். சோபாக்களில் கட்சிக்காரர்கள் நான்கைந்து பேர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் தங்க வைத்திருந்த உறுப்பினர்களுக்குக் காவல். செல்போன்களை வந்த அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தேர்தல். ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்ட இரண்டு கட்சிகள், முடிவு வந்த கையோடு கூட்டணி சேர்ந்துவிட்டன. இன்று மாலை நம்பிக்கை ஓட்டெடுப்பு. அதுவரை ஓர் ஆள்கூட நழுவிவிடக் கூடாது.

அந்த இரண்டில், தையல்காரி தேடி வந்தவர் சின்னக் கட்சி. காவலுக்கு இருந்தவர்கள் பெரிய கட்சி. அவருடைய முகமே அவர்களுக்கு இந்த வாரம்தான் பழக்கம்.

போன மழைக்காலத்தில் தையல்காரியின் தெருவை இயந்திரம் விட்டு இடித்துத் தள்ளியது அந்தப் பெரிய கட்சிதான். அவர்களோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்று, இடிபாட்டின் மேல் ஏறி நின்று பேசித்தான் அவர் ஜெயித்தார்.

“உட்காருங்க அண்ணி, அண்ணன் இப்ப வந்துடுவாரு” என்றான், கழுத்தில் தடித்த சங்கிலி போட்டிருந்த ஒருவன்.

கூட்டணி அதற்குள் உறவுமுறை வரைக்கும் வந்துவிட்டது. அவள் உட்காரவில்லை. தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

லிஃப்ட் திறந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் வர, நடுவில் அவர். மழிக்காத முகம், கசங்கிய சட்டை. தேர்தலின்போது இருந்த ஆளில் பாதிதான் மிச்சம்.

அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்கள் அவளைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

சூடு சொரணை இருக்கிறதா என்று கேட்டாள். தெருவில் தலைகாட்ட முடியவில்லை, தண்ணீர்க் குழாயடியில் ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள் என்றாள். இந்த மெத்தையில் படுத்தால் தூக்கம் வருகிறதா, இவர்கள் போடுகிற சோறு தொண்டையில் இறங்குகிறதா என்றாள்.

வரவேற்பு மேசைப் பெண் கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். காவலுக்கு இருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். கட்சிச் சண்டை என்றால் இறங்கிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் எவன் தலையைக் கொடுப்பான்?

“வீடு போனவங்க இன்னும் தார்ப்பாய்க்குக் கீழதான் படுக்குறாங்க.” அவள் வாசலைக் காட்டினாள். “கெளம்புங்க.”

அண்ணியை அறைக்குக் கூட்டிப்போய் நிதானமாகப் பேசலாமே என்று சங்கிலிக்காரன் பணிவாகச் சொல்லிப் பார்த்தான்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார்.

“பொண்டாட்டி கூப்பிட்டா போகாம இருக்க முடியுமாப்பா?”

சங்கிலிக்காரன் குறுக்கே கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உயர்ந்திருந்த கேமராக்களைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

கை தானாக இறங்கியது.

எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் கேட்டதற்கு, சட்டமன்றத்துக்கு என்றார் அவர். எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியிருக்கிறது, கொஞ்சம் விரட்டுங்கள் என்றார்.

ஆட்டோ பாலம் தாண்டியது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தவர், அவளுக்கு இடம் விட்டு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

“என் வீட்டுக்காரிகூட என்னை இப்படித் திட்டினதில்ல. நீங்க யாரும்மா?”

“ஓட்டு கேட்டு வந்தப்ப எங்ககிட்டதான் தண்ணி வாங்கிக் குடிச்சீங்க” என்றாள். “ஞாபகம் இருக்காது.”

அவர் யோசித்துப் பார்த்தார். அந்த வெயிலில் எத்தனையோ பேர் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தார்.