கடல் சேரும் வரை

வலது கையை முன்னால் நீட்டச் சொன்னார் ஊராட்சித் தலைவர் தேசப்பன்.

நீட்டினோம். தண்ணீர் தினத்துக் கிராம சபையில் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பது எங்கள் குப்பத்துக்குப் பழகிப்போன வேலை. தண்ணீரை வீணாக்க மாட்டோம் என்று வருஷா வருஷம் சொல்கிறோம். வீணாக்குவதற்காவது கொஞ்சம் கொடுங்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேர வேண்டிய இடத்தில் இருக்கிறோம். மேலே தடுப்பணையின் கதவைத் திறந்து பல வருஷம் ஆகிறது. ஆறு வராததால் கடல் உள்ளே வந்துவிட்டது. கிணறெல்லாம் உப்பு. சோறு வடித்தால்கூடக் கரிக்கிறது. தண்ணீர் லாரி வந்தால் வரும். வராவிட்டால் யாரைக் கேட்பது என்று தெரியாது.

அதுதான் எங்கள் வியாதியே. அணைக் கதவு எங்கள் பிரிவு இல்லை என்பார் ஒரு அதிகாரி. கிணறு வேறு துறை என்பார் இன்னொருவர். மூன்று மாநிலத்துக்குப் பொதுவான ஆறு, மேலே இருப்பவன் விட்டால்தானே என்பார் மூன்றாமவர். எல்லோரும் நல்லவர்கள்தான். டீ கொடுத்தால் குடித்துவிட்டு, மனு கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த வருஷம் வந்தவர் உதவிப் பொறியாளர் ஸ்ரீவத்ஸன். வேலைக்குப் புதிது. பந்தலுக்குள் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, அவரும் எங்களோடு கையை நீட்டினார்.

உறுதிமொழி வாசிக்க வந்தவள் ஆதியம்மாள் அக்கா. கருவாட்டுக் கூடையோடு திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் என்று பாலாற்றுப் பக்கத்துச் சந்தை ஒன்று விடாமல் போய் வருகிறவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். நான் படிக்கிறேன் என்று அவள் கேட்டதும் தலைவர் மைக்கைக் கொடுத்துவிட்டார். கொடுக்காவிட்டால் பிடுங்கியிருப்பாள்.

காலையிலேயே எங்களிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தாள். அவள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் நடுவில் நிறுத்தக் கூடாது.

சென்னையிலிருந்து வந்த தாளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். அன்றைக்கு ஊர் ஊராக நடந்த சபைகளுக்கெல்லாம் அதே தாள்தான்.

நீர் உயிர்களின் ஆதாரம் என்றாள். சொன்னோம். பொறியாளரும் சொன்னார். நல்ல கணீர்க் குரல்.

ஒரு சொட்டு நீரையும் வீணாக்க மாட்டேன் என்றாள். சொன்னோம்.

அக்கா தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

பாலாறு கடல் சேராவிட்டால், அதற்கு நானே பொறுப்பு என்றாள்.

பழக்க தோஷத்தில் பொறியாளர் பாதி வரை வந்துவிட்டார். 'பாலாறு கடல் சேராவிட்டால்' வரை அவர் குரல் எங்களுக்கு மேலே கேட்டது. அடுத்த பாதியில் அதைக் காணோம்.

தேசப்பன் மைக்கை வாங்கப் பார்த்தார். அக்கா ஒரு முறை முறைத்தாள். அவர் பேசாமல் கையை மறுபடி நீட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா அதே வரியை மறுபடி சொன்னாள். நாங்களும் மறுபடி சொன்னோம். அப்புறமும் சொன்னாள். பங்குனி வெயில் பந்தலைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. கை கடுத்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஷீலா, அதை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். ஒருவரும் கையை இறக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரமாக வந்தது. பொறுப்பு என்ற ஒரு சொல்லை வாங்குவதற்கு ஒரு குப்பமே இப்படிக் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறதே.

பொறியாளரும் கையை இறக்கவில்லை. இறக்கிவிட்டு எங்கே போவது? இருபது முப்பது செல்போன்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"நான் சொல்லிட்டா ஆத்துல தண்ணி வந்துடுமாம்மா?" என்றார்.

"வராது சார். வரலன்னா யாராண்ட போய் கேக்கறதுன்னு தெரியும்ல?"

அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். இந்த மனிதர் அடுத்து என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியும். இவருக்கு முன்னால் வந்த எல்லோரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என் எல்லை அணைக்குக் கீழதான்மா. அணைக்கு வேற ஆளு, அதுக்கு மேல வேற ஆளு. அவங்கல்லாம் சொல்லாம நான் ஒருத்தன் மட்டும் எப்படிச் சொல்றது?"

அக்கா மைக்கை இறக்கினாள். அவளுக்குக் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. சந்தையில் பேரம் படிந்துவிட்டால் பேசுவாளே, அந்தக் குரலில் பேசினாள்.

"அவங்களும் இப்ப கைய நீட்டிகினுதான் நிக்கிறாங்க சார். வாலாஜாபாத் பக்கத்துலருந்து இங்க வரைக்கும் ஆத்தங்கரையில ஒரு சபை பாக்கி இல்ல. எல்லா ஊர்லயும் எங்க சந்தைப் பொம்பளைங்கதான் படிக்கிறாங்க. கீழ இருக்கறவரு சொல்லட்டும், அப்பால நான் சொல்றேன்னு அவங்களும் சொல்லிகினு இருப்பாங்க."

எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

பொறியாளர் ஆற்று மணலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, எந்த வரியிலிருந்து சொல்ல வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார்.