ஓவசியருக்கு மீன் இல்லை

“உங்களுக்கு இண்டைக்கு மீன் இல்ல ஓவசியர். பருப்பும் பூசணிக்காயும் இரிக்கி, சாப்பிடுங்க,” என்றார் நூஹு காக்கா.

தங்கராசா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த மேசையில் நெல் வியாபாரி அப்துல் ஸமட்டின் சோற்றுக் கோப்பையில் இரண்டு பாரை மீன் துண்டுகள் கிடந்தன.

அது எழுபத்தெட்டாம் ஆண்டு. கல்முனைக் கடைத்தெருவில் நூஹு காக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று பாரை மீன் ஆணம் என்னும் குழம்பு. மற்றது, கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை வாய் மூடாத வானொலிப் பெட்டி. பாட்டு முடியட்டும் என்று நின்று பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அந்நாளில் பலர்.

தொலைவிலுள்ள சொந்த ஊரான மூதூரிலிருந்து வந்து தனியறையில் தங்கியிருந்த வாய்க்கால் ஓவசியர் தங்கராசாவுக்கு நான்கு ஆண்டுகளாக அந்தக் கடைதான் வீடு. அன்று விடியற்காலையிலேயே இறக்காமத்துக்கு வேலைக்குப் போய், பிற்பகல் இரண்டு மணிக்கு வெறும் வயிற்றோடு திரும்பியிருந்தார்.

“அவருக்கு மீன் இருக்குதே காக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

“அது அவர் முந்தியே சொல்லி வெச்சது.”

அப்துல் ஸமட் சிரித்தார். “நான் எப்ப காக்கா சொன்னன்? ஓவசியர் மறுகா ஊருக்குப் போய், சோனகன்ட கடையில தமிழனுக்குப் பருப்புத்தான் எண்டு கதைக்கப் போறார்.”

கடையில் இருந்த முஸ்லிம்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். நூஹு காக்கா சிரிக்கவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை. அப்போது உள்ளே வந்த ஒருவர் மீன் கேட்டார். அவருக்கும் மீன் போயிற்று.

தங்கராசாவின் முகம் சுருங்கியது. பாட்டாவது கேட்கலாமென்று, அன்று ஏனோ மௌனமாயிருந்த வானொலியை நோக்கிக் கையை நீட்டினார். நூஹு காக்கா குறுக்கே வந்து பெட்டியின் மேல் கையை வைத்தார்.

“அது கெடக்கட்டும்.”

நான்கு ஆண்டுப் பழக்கம் அந்த ஒரு சொல்லில் அறுந்தது. எழுந்து போய்விடலாமென்றால் பசி விடவில்லை. நாளை முதல் இந்த வாசலை மிதிப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, தலை குனிந்து பருப்புச் சோற்றைப் பிசைந்தார்.

நூஹு காக்கா அவர் பக்கத்திலேயே நின்றார். கேளாமலே இரண்டாம் முறையும் சோறு போட்டார். போதும் என்று கையால் மறித்தபோதும் இன்னுமோர் அகப்பை வைத்தார். செய்த குற்றம் உறுத்துகிறது போலும் என்று தங்கராசா எண்ணினார்.

கை கழுவிவிட்டு வந்து, “நாளையிலிருந்து என்னை எதிர்பார்க்க வேண்டாம் காக்கா,” என்றார்.

நூஹு காக்கா தோளில் கிடந்த துவாயை மேசைமேல் போட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டார். தங்கராசாவின் ஈரக் கையைப் பற்றி வாசலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு வாடகைக் கார் கதவு திறந்தபடி நின்றது.

“ஏறுங்க ஓவசியர். நானும் வாறன்.”

“எங்க?”

“மூதூருக்கு.”

கடைக்குள் அப்துல் ஸமட்டின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது.

“பத்து மணிக்கு றேடியோவில மரண அறிவித்தல் வாசிச்சாங்க. உங்கட அம்மாட பேரும் உங்கட பேரும் சொன்னாங்க,” என்றார் நூஹு காக்கா. அவர் பிடித்த பிடியை விடவில்லை. “போன வருஷம் அப்பாட மௌத்துக்குப் போகக்குள்ள, வெறும் வயித்தோட வழியில வாழைச்சேனையில மயங்கி விழுந்தீங்க. இண்டைக்கும் முதலே சொல்லியிருந்தா, அம்மாவ எடுக்குமட்டும் பச்சத் தண்ணியும் பல்லில பட விட்டிரிக்கமாட்டீங்க. இழவு நாளையில உங்கட ஆக்களுக்கு மீனும் ஆகாது. அதான் ஓவசியர், பருப்புத் தந்தன்.”