இடப்பக்கம் திரும்பும்போது

ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் போதும், அந்தப் பழைய கறுப்புக் கார் தானாகவே ஹார்ன் அடித்தது. மெக்கானிக் சாகுல் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, டெஸ்ட் லைட்டால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தான்.

"ஹார்ன் ஒயர் தோலு உரிஞ்சு கெடக்குக்கா. எடது பக்கம் ஒடிச்சா இரும்புல ஒரசுது. ரெண்டு சுத்து டேப் சுத்துனா சத்தம் நின்னுரும்."

காரின் சொந்தக்காரி பூங்கோதை குனிந்து அந்த ஒயரைப் பார்த்தாள். காலனியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போக, கோயிலருகே இடப்பக்கம் திரும்பும் பெரிய தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. "கார் வாங்கிட்டா பெரிய ஆளா? எங்க தெருவுல சத்தம் கேக்கக் கூடாது" என்று அந்தத் தெருக்காரர்கள் சொன்ன நாளிலிருந்து சாகும்வரை, அவளுடைய அப்பா அந்தத் திருப்பத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, தெரு முடியும்வரை இந்தக் காரைத் தள்ளிக்கொண்டே போனார். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் அவள்தான்.

சாகுல் டேப்பைக் கிழிக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"டேப் வேணாம் தம்பி. பிளேடு இருக்கா?"

"எதுக்குக்கா?"

"அந்தத் தெரு ரொம்ப நீளம். நேரா போகும்போதும் அடிக்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் உரிச்சு விடு."