பேச்சியம்மா கேட்ட ரத்தம்

"எங்க ரத்தத்த எடுத்து எங்க ஆளுக்கு ஏத்துறதுல உங்களுக்கு என்னங்க டொக்டரம்மா கஷ்டம்?"

நேற்றிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வியைப் பேச்சியம்மா கேட்டேவிட்டாள். தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியிடம்கூட அவள் இப்படி நிமிர்ந்து பேசியதில்லை.

கட்டிலில் அவள் புருஷன் இராமையா மல்லாந்து கிடந்தான். தேயிலைக்கு நிழல் தரும் மரத்தில் கிளை வெட்ட ஏறியவன் தவறி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டான். வட்டவளைத் தோட்டத்திலிருந்து இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஒபரேஷனும் முடிந்துவிட்டது. கால்விரல் அசைகிறது, நடந்துவிடுவார் என்றார்கள். ஆனால் ஆள் வெளிறிப்போயிருந்தான். ஒபரேஷனில் நிறைய ரத்தம் போய்விட்டதாம்.

போன ரத்தத்தைத் திருப்பி ஏற்றாமல் மனுஷன் எப்படி எழுந்து நடப்பான்? பக்கத்து லயத்து வீட்டு வீரம்மாவும் போனில் அதையேதான் கேட்டாள். பூண்டுலோயா ஆஸ்பத்திரியில் அவள் தம்பி இரண்டு பை ஏற்றிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தானாம். தோட்டத்து ஆள் என்றால் எல்லோருக்கும் இளப்பம், விடாமல் கேள் என்று நன்றாக உசுப்பேற்றியும் விட்டிருந்தாள்.

ஸில்மியா டொக்டர் தோட்டத்து ஆட்கள் வந்துபோகும் ஹட்டன் கடைவீதியில் வளர்ந்த பிள்ளை. இந்தக் கோபமெல்லாம் அவருக்குப் பழக்கம். கட்டிலோரம் நின்று பொறுமையாகச் சொன்னார். இன்னொருவர் ரத்தம் உடம்புக்குள் போனால் காய்ச்சல் வரலாம், சிலருக்கு மூச்சு முட்டும், தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிக்கவும் வாய்ப்புக் கூடும். தேவையில்லாமல் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் இங்கேயே கிடந்ததையும் அவர் பார்த்திருக்கிறார். இராமையாவுக்கு ரத்தம் குறைந்திருப்பது உண்மைதான்; ஆனால் மருந்தும் நல்ல சாப்பாடுமே அதைச் சரிசெய்துவிடும்.

"இன்னும் கொறஞ்சா நானே ஏத்துவேன். இப்ப அவருக்கு வேணாம்."

பேச்சியம்மாவின் காதில் 'வேணாம்' மட்டும்தான் விழுந்தது. இந்த மனுஷன் படுக்கையிலேயே கிடந்துவிட்டால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

டொக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், தன் ரத்தத்தையாவது கொடுத்துவிடலாம் என்று, யாரிடமும் சொல்லாமல் ரத்த வங்கியைத் தேடிப் போனாள். மாடிப்படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. கவலை வந்தால் நெஞ்சு அடைக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கிருந்தவர் அவள் விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தார். இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். பிறகு, உங்களிடம் ரத்தம் எடுக்க முடியாது, வார்டில் போய் உட்காருங்கள், டொக்டரிடம் நானே பேசுகிறேன் என்று அனுப்பிவிட்டார்.

பேச்சியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டிலருகே வந்ததும் உடைந்துவிட்டாள்.

"நம்ம ரத்தம்கூட இவங்களுக்கு ஆகாதாம்ங்க."

"விடு புள்ள. டொக்டரம்மாதான் வேணாங்கிறாங்கல்ல. எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான் இராமையா. காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்றும் கேட்டான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

சற்று நேரத்தில் ஸில்மியா டொக்டர் விறுவிறுவென்று வந்தார். பின்னால் ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பை ரத்தம் சொல்லியிருக்கேன். இப்ப வந்துரும்."

பேச்சியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கேட்டால்தான் கிடைக்கும் என்று வீரம்மா சொன்னது சரிதான். சந்தோஷத்தில் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து, புருஷனின் போர்வையை ஒதுக்கப் போனாள்.

"இவரால உக்கார முடியாதுங்களே. கட்டிலோட தள்ளிக்கிட்டுப் போயிருவோமா?"

டொக்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக நாற்காலியின் பக்கம் திருப்பினார்.

"இது உங்களுக்கு. ரத்தமும் உங்களுக்குத்தான். அறுத்துத் தைச்சுப் படுத்திருக்கிற அவர் ஒடம்புல இருக்கிறதுல பாதிகூட உங்கட ஒடம்புல இல்ல, பேச்சியம்மா."