முந்திப் பாடுகிறவர்

தேரடியை ஒட்டிய மடத்தில் வெள்ளிக்கிழமைச் சாயங்கால வெயில் தூண்களுக்கிடையே சாய்ந்து விழுகிறது. உச்சிமாகாளி இன்றும் கடைசித் தூணருகில்தான் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷமாக மடத்துச் சுவாமியின் பக்கத்திலிருந்து பஜனை பாடிய சீடர் இப்படிப் பின்னால் போனதிலிருந்து ஊர் வாய் சும்மா இல்லை. "ரெண்டு பேருக்கும் முறிஞ்சு போச்சாம்ட்டி. குரு பாடும்போதே இவரு முந்திக்கிட்டுப் பாடுதாரு," என்கிறாள் பூக்கடை ராஜகுமாரி, அவர் காதில் விழட்டும் என்றே. "மடத்தைப் பிடிக்க அடி போடுதாரோ என்னமோ!" என்று சிரிக்கிறாள் பக்கத்திலிருக்கும் பொன்செல்வி. நாலாம் பாட்டில் சுவாமியின் கை ஜால்ரா நிற்கிறது. உதடு அசைகிறது, அடுத்த அடி வரவில்லை. கூட்டம் கவனிக்குமுன் உச்சிமாகாளி உரக்கப் பாடிவிடுகிறார். "பாத்தியா!" என்கிறாள் ராஜகுமாரி. பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் சுவாமிக்கு மறதி வந்தது தெரிந்துவிடும். பின்னாலிருந்து பாடினால் தன் திமிர் மட்டும்தான் தெரியும். இருபது வயதில், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தின் முன் உச்சிமாகாளிக்குப் பாட்டு மறந்தபோது சுவாமியும் இப்படித்தான் குரலை ஏற்றி மூடினார். 'சின்னவனைப் பாட விடுதாரா பாரு' என்று ஊர் அன்று சுவாமியைத்தான் ஏசியது. ஜால்ரா மறுபடி ஒலிக்கிறது. பாட்டு முடிந்ததும் சுவாமி கண் திறக்காமலே கடைசித் தூண் பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னும் சத்தமாப் பாடுலே, மக்கா," என்கிறார்.