ஆடில்லாத வீடு

தன் ஊருக்கே திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன சீமை நாய், அரியமுத்து வீட்டில் ஆறு குட்டி போட்டது. ஆடு மேய்க்கவே பிறந்த சாதி.

அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தீவுக்கு ஃபெரிக் கப்பலேறி ஓடிவந்தார் ஆட்டுக்கார நல்லமுத்து.

"அண்ணே, எங்கிட்ட அம்பது ஆடு நிக்குது. ஒரு குட்டி குடுங்கலா!"

"ஆட்டுக்காரனுக்குக் கிடையாது."

அடுத்து வந்தவள் பக்கத்துத் தெரு குணவதி.

"ஆடு இருக்கா?"

"இல்லண்ணே."

"புள்ளைங்க?"

"ஏழு. விடிஞ்சா கடற்கரைக்கு ஓடிடுதுங்க. ஒண்ணும் அடங்காது."

"அப்ப ரெண்டு குட்டியா எடுத்துக்க! காலையில அவுத்து மட்டும் விட்டுடு, தீனி நான் போடுறேன்."

மிச்சக் குட்டிகளும் பிள்ளைகள் நிறைந்த வீடுகளுக்கே போயின. அரியமுத்துவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெருவே சிரித்தது.

குட்டிகள் வளர்ந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, கடற்கரையில் திரிந்த பிள்ளைகளெல்லாம் ஒரே மந்தையாக ஓடிவந்தார்கள். இருபுறமும் நாய்கள். அவற்றுக்குத் தினமும் தீனி கிடைக்கும் இடத்துக்கு, அதாவது தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குள், மந்தை நுழைந்தது.

வாசலில் தீனிச் சட்டியோடு நின்ற தலைமையாசிரியர் அரியமுத்து, நிம்மதியாக மணியடித்தார்.

பிள்ளைகளே வராத பள்ளியை இழுத்து மூட வந்த இன்ஸ்பெக்டர், ஏற்கனவே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்தால் தாய் நாய் உறுமியது.